வரிச் சங்கத்துக்கு நாங்கள் கட்டிக் கொடுத்த பெண்

அண்ணை,

இன்று காலை கடிதப் பெட்டியைத் திறந்ததும் அச்சு மையின் மணம் முகத்தில் அடித்தது. வழுவழுப்பான தாளில் நாலு பக்கம். முதற்பக்கத்தில் வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். அப்படிச் சிரிக்கிற குடும்பம் எதையும் எங்கள் பார்க் எக்ஸ் பகுதியில் இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை. வரியைக் குறைக்கச் சொல்லித் திரிகிற அந்த வரிச் சங்கத்தின் புதுத் துண்டுப்பிரசுரம். குப்பைக்குள் போடப் போனவன் ஒருக்கால் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் அந்த வசனம் இருந்தது: "இடது கையில் அரசாங்கத்தின் காசோலை, வலது கையில் ஊசி."

கீழே "மொன்றியலில் ஒரு பெண்ணைப் பற்றி" என்று போட்டிருந்தார்கள். முன்பு அந்த இடத்தில் உங்கள் பெயரும் படமும் இருந்தன. நீங்கள் போய் மூன்று மாரி கழிந்துவிட்டது. அதற்கு முந்தியே உங்களை வெட்டி எறிந்தவர்கள், வசனத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நான் வந்து இறங்கிய முதல் மாரியில் எனக்கு ஒரு தடித்த கோட்டு வாங்கித் தந்தது நீங்கள். வேலை எடுத்துத் தந்ததும் நீங்கள். ஷபனல் தெருத் தையல் ஆலையில், பெட்டி கட்டுகிற இடத்தில். நீங்கள் அப்போது அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. துணி வெட்டு மேசையில் ஒருத்தியை வேலையால் நிற்பாட்டினால் நீங்கள் முதலாளியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு போவீர்கள். பிரெஞ்சு வராது, இங்கிலீசும் அரைகுறை. ஆனாலும் கதவு திறக்கும். "சத்தம் போடத் தெரிஞ்சவனுக்குப் பாஷை தேவையில்லை" என்று எனக்குச் சொன்னீர்கள். அந்த மனிதரைத்தான் நான் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினேன்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டுப்பட, நீங்கள் மூலையில் இருந்த டெப்பனரை வாங்கினீர்கள். பாலும் பியரும் சிகரெட்டும் லொத்தர் சீட்டும் விற்கிற சின்னக் கடை. வாரம் ஏழு நாளும் நீங்களும், நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் மனைவியும் மாறி மாறி நின்றீர்கள். பத்து வருஷத்தில் டொலார்ட் புறநகரில் வீடு வந்தது. முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்று பெருமையாய்ச் சொல்வீர்கள். அதுவரை உங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது ஒரு வரி அதிகாரியால். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கும்போது, அந்த ஆள் வந்து உங்கள் அலுமாரிகளில் இருந்த தகரப் பேணிகளை ஒவ்வொன்றாய் எண்ணினான். குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு எண்ணினான். வாடிக்கையாளருக்கு முன்னால் உங்களைப் பார்த்து, "நீங்கள் எல்லாரும் இப்படித்தான்" என்றான். கடைசியில் உங்களில் பிழை ஒன்றும் இல்லை என்று கடிதம் வந்தது. ஆனால் மன்னிப்பு வரவில்லை. நீங்கள் அந்தக் கடிதத்தை எனக்கு வாசிக்கத் தந்துவிட்டு, ஒரு சிகரெட் பற்ற வைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியாமல் இருக்கிறது.

அவர்கள் தங்களைச் 'சாதாரண வரியிறுப்பாளர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். சாதாரண வரியிறுப்பாளர்களின் அலுவலகம் நகர மையத்தில் பதினோராம் மாடியில் இருந்தது. வாடகையை ஆர் கட்டுகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "நன்கொடையாளர்கள்" என்றான் சங்கத்தின் இயக்குநர். ஆர் நன்கொடையாளர்கள் என்று கேட்டேன். "அது அவர்களுடைய தனிப்பட்ட விஷயம்." உங்களுடைய கடைக் கணக்கு ஊருக்குத் தெரியலாம், வெல்பெயர் உதவிப்பணம் எடுக்கிற பெண்ணின் குசினி ஊருக்குத் தெரியலாம், இவர்களுக்குப் படியளக்கிறவன் பெயர் மட்டும் தனிப்பட்ட விஷயம்.

ஒல்லிக் கழுத்துப்பட்டி கட்டின அந்த இயக்குநருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாழ்க்கையில் ஒருநாளும் ஒரு கடையில் நின்று மிச்சக் காசு கொடுத்தவனாய்த் தெரியவில்லை. உங்கள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொல்லி உங்களைக் கூப்பிட்டான். முழுப்பெயரையும் சொல்லப் பழகுவதற்கு இரண்டு வருஷம் போதவில்லை அவனுக்கு. உங்களுக்கு அது பெரிதாய்ப் படவில்லை. "தோளில கை போட்டுக் கதைக்கிறான்ரா" என்று என்னிடம் சொன்னீர்கள். "நிர்வாகக் குழுவில இடம் தாறாங்களாம்."

"உங்களை என்னத்துக்கு அண்ணை அவங்களுக்கு?"

"ஏன், நான் வரி கட்டேல்லையே?"

"உங்கட பெடியள் சின்னனில பிள்ளை பாக்கிற கார்டரிக்குப் போனது, யூனிவர்சிற்றிக்குப் போனது, உங்கட நெஞ்சை வெட்டித் தைச்சது, எல்லாம் ஆற்ற காசு?"

"நான் கட்டின காசு," என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

மாகாணத்தில் ஆட்சி மாறிய காலம் அது. வரிச் சங்கம் என்ன செய்தது என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது. தேர்தலுக்கு முந்தி ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு அட்டை அனுப்பும். புது வரி போடமாட்டேன், உதவிப் பணங்களைக் குறைப்பேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவரின் தொகுதிக்குள் வீடு வீடாய் அவருடைய படத்தில் சிவப்புப் புள்ளடி போட்ட தாள் வரும். தெரிவான பிறகும் விடாது. வருஷ முடிவில் உறுப்பினர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிப் புள்ளி போட்டுப் பத்திரிகைக்குக் கொடுக்கும். சட்டமன்றத்தில் இருந்த ஆளுமைகள் எல்லாம் அந்தப் புள்ளிக்குப் பயந்து நடுங்கினார்கள். ஒருவரும் வாக்களித்துத் தெரிவு செய்யாத ஒரு பதினோராம் மாடி, தெரிவு செய்யப்பட்டவர்களுக்குப் பரீட்சை வைத்தது. அவர்களும் பென்சிலைச் சீவிக்கொண்டு போய்க் குந்தினார்கள்.

வெல்பெயர்ச் சட்டத்தை இறுக்கும் பிரேரணை சட்டமன்றக் குழுவுக்கு வந்தபோது, சங்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தாங்கள் போய் ஏழைகளைத் திட்டினால் நாறும் என்று அவர்களுக்குத் தெரியும். குடியேறி வந்த ஒருவன், உழைத்து முன்னுக்கு வந்தவன், தன்னுடைய ஆட்களைப் பற்றித் தானே சொன்னால் மணக்கும். அந்த முகம் நீங்கள். நாக்கு நான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து அந்தப் பேச்சை எழுதினோம். அக்கா நண்டுக் கறி வைத்திருந்தா. நீங்கள் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். உங்கள் கடை, அந்த அதிகாரி, எண்ணின பேணிகள். நல்ல பேச்சுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இயக்குநர் தொலைபேசியில் சொல்லியிருந்தான்: ஏமாற்றுகிற ஒருவரைப் பற்றி ஒரு சின்னக் கதை வேண்டும், கேட்கிறவர்களின் மனதில் ஒட்டுகிற மாதிரி.

"எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாதேடா," என்றீர்கள்.

எனக்கும் தெரியாது. ஆனால் எனக்கு எழுத வந்தது. ஊரில் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பித் திரும்பி வந்த கை இது. பதினைந்து வருஷமாய் ஹோட்டல் லோண்டரியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த கை. கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் தெருவில் ஒரு பெண், வெல்பெயர் எடுத்துக்கொண்டு வீட்டில் தையல் மிசின் ஓட்டிக் களவாய் உழைக்கிறாள் என்று எழுதினேன். பிறகு அந்த வசனம் தானாய் வந்து விழுந்தது. வாசித்துக் காட்டினேன். "அடி சக்கை!" என்று மேசையில் அடித்தீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெட்கத்தோடு சொல்கிறேன், அன்றைக்கு நான் சந்தோஷமாய் இருந்தேன்.

பிரெஞ்சை நீங்கள் வாசிக்கமாட்டீர்கள் என்பதால் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தேன். சட்டமன்றம் இருக்கிற கியூபெக் நகருக்குப் போகும் பஸ்ஸில் மூன்று மணித்தியாலமும் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். குழுவின் அறையில் அரைவாசி உறுப்பினர்கள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கடையைப் பற்றியும் உங்களுக்கு நடந்த அவமானத்தைப் பற்றியும் சொன்னபோது ஒருவரும் நிமிரவில்லை. அந்த ஒரு உண்மைக்கு அங்கே ஒரு பேனை அசையவில்லை. இடது கை, வலது கை என்று நீங்கள் சொன்னபோது எல்லாப் பேனைகளும் ஒன்றாய் அசைந்தன.

அடுத்த கிழமை எங்கள் தொகுதி உறுப்பினர் அந்த வசனத்தைச் சட்டமன்றத்தில் சொன்னார். மடு மாதா திருநாளுக்கு வந்து வடை சாப்பிட்டு, தமிழில் வணக்கம் சொல்லிக் கைதட்டு வாங்கிப் போன அதே மனிதர். வானொலியில் சொன்னார்கள். எங்களுடைய தமிழ்ப் பத்திரிகை உங்கள் படத்தோடு முன்பக்கத்தில் போட்டது. அதற்குப் பிறகு பார்க் எக்ஸில் தமிழ்க்கடை வழிய ஒரே கேள்விதான்: "ஆர் அந்தப் பொம்பிளை?"

கற்பனைப் பெண்ணுக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. சனம் தேடிப் பிடித்தது. மன்னாரில் இருந்து வந்த திரேசா அக்கா. புருஷனைக் கடலில் இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தவ. ஷபனலில் எங்களோடு தைத்தவதான். முதுகெலும்பு தேய்ந்து, குந்தியிருந்து வேலை செய்ய ஏலாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தபிறகு வெல்பெயரில் இருந்தா. வருஷத்தில் ஒருமுறை, எங்கள் தேவாலயப் பங்கில் முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பா. அதற்கு ஒரு சதம் வாங்கமாட்டா. நேர்த்திக்கடன் என்று சொல்லுவா. இது பங்கு முழுவதற்கும் தெரியும். தெரிந்த ஒருவர்தான் பெயர் சொல்லாமல் வெல்பெயர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

இரண்டு பேர் வந்து மிசினைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் காசோலை வரவில்லை, அதை நிறுத்திவிட்டதாய்ப் பிரெஞ்சில் ஒரு கடிதந்தான் வந்தது. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவ வந்தது என்னிடம். கடிதங்களை வாசித்துச் சொல்ல எங்கள் தெருவில் நான்தான்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். என் வாயாலே.

அதற்குப் பிறகு உங்களைத் தேடிக் கடைக்கு வந்தேன். அது கட்டின கதை என்று ஒரு கடிதம் தாருங்கள், மேன்முறையீட்டுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன்.

"கதையில பேர் இருக்கோ? பேர் இல்லாட்டி அது எப்பிடி அவவைக் குத்தும்?" என்றீர்கள்.

"குத்திப்போட்டுதே அண்ணை."

"எடேய், நான் இப்ப நிர்வாகக் குழு. நான் பொய் சொன்னனான் எண்டு எழுதித் தந்தால் சங்கத்தின்ர மானம் என்னாகும்?"

சங்கத்தின் மானம்! வெட்டு மேசைப் பெண்ணுக்காகக் கதவைத் தள்ளித் திறந்த மனிதரின் வாயில் இருந்து வந்தது அது. உங்களை நான் அதற்கு முந்தியும் பிந்தியும் அவ்வளவு கேவலமாய்ப் பார்த்ததில்லை. பார்வையாலேயே துப்பிவிட்டு வெளியே வந்தேன். என்னுடைய கடிதத்தை ஏன் நானே எழுதிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை.

பதினோராம் மாடிக்கும் போனேன். இயக்குநர் எனக்குக் கோப்பி தந்தான். "அது ஒரு உருவகம்தானே, ஐயா. உருவகத்துக்கு ஆரும் பொறுப்பில்லை," என்றான். உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு இளம் பெண், அவர் இந்த விஷயத்தில் தலையிட முடியாது, அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று மிகவும் மரியாதையாய்ச் சொன்னாள். வடை சாப்பிட அவருக்கு ஒரு அட்டையும் தடையாய் இருக்கவில்லை.

ஐந்து மாதம் திரேசா அக்காவின் வீட்டுக்குப் பங்குச் சனந்தான் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தது. அவவைக் காட்டிக் கொடுத்தவரும் அதில் ஒருவராய் இருந்திருக்கலாம். மூத்தவள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாள். அங்கே பிள்ளைகள் ஊசி என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

மேன்முறையீட்டு விசாரணை நாள் வந்தது. நகரத்தில் ஒரு சின்ன அறை. நீள மேசை, தண்ணீர்ச் சாடி, கண்ணாடி போட்ட ஒரு பெண் நடுவர். நடுவரின் அனுமதியோடு திரேசா அக்காவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க நான் இருந்தேன். வைத்தியரின் கடிதம், பங்குத் தந்தையின் கடிதம் எல்லாம் கொடுத்தாயிற்று. வெல்பெயர்த் திணைக்களத்தின் ஆள் எழும்பி, இவருடைய சமூகத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரே இதைப் பகிரங்கமாய்ச் சொல்லியிருக்கிறார் என்று பத்திரிகைத் துண்டைக் காட்டினான்.

அப்போதுதான் கதவு திறந்தது. தட்டாமலே திறந்தீர்கள்.

கியூபெக் நகருக்குப் போட்டுக்கொண்டு போன அதே சூட். கையில் தாள் ஒன்றும் இல்லை. "அந்த மதிப்புக்குரிய ஆள் நான்," என்று தொடங்கினீர்கள். தமிழில் எழுதித் தர ஆளில்லாத பிரெஞ்சு. வினைச்சொல் ஒரு பக்கம் போக, எழுவாய் ஒரு பக்கம் போனது. ஆனால் நடுவருக்கு விளங்கியது. அப்படி ஒரு பெண் இல்லை, அந்தக் கதை பொய், கட்டினது நான், வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை என்றீர்கள்.

திரேசா அக்கா என்னைப் பார்த்தா. "என்ன சொல்லுறார்?"

நான் மொழிபெயர்த்தேன். "கதையைக் கட்டினது தான்தானாம்... வேற ஒருத்தருக்கும் பங்கில்லையாம்." சரியான மொழிபெயர்ப்பு. ஒரு பிழையும் இல்லை.

வெளியே நடைபாதையில் உங்களை மறித்தேன். நன்றி சொல்ல வாய் திறந்தேன். நீங்கள் என்னை ஏசினீர்கள். "நீ மாதக்கணக்கா என்ர கடைப்பக்கம் வரேல்ல. அந்த மனிசி கிழமைக்கு ரெண்டு தரம் வந்து பால் வாங்குது. 'சுகமா அண்ணை' எண்டு கேட்டுட்டுப் போகுது. ஒவ்வொரு தரமும் கேக்குது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "வரி அதிகம்தான்ரா. அதில நான் மாறேல்ல," என்றீர்கள். படியால் இறங்கிப் போய்விட்டீர்கள்.

திரேசா அக்காவுக்கு ஐந்து மாதப் பணமும் திரும்பக் கிடைத்தது. உங்களை நிர்வாகக் குழுவில் இருந்து நீக்கிவிட்டதாய்ச் சங்கம் ஒற்றை வரியில் ஒரு கடிதம் அனுப்பியது. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். சட்டம் அவர்கள் விரும்பினபடியே இறுகியது. உறுப்பினருக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஒரு பொய் பொய்யென்று ஒரு சின்ன அறைக்குள் நிரூபிக்கப்பட்டால், பெரிய அறைகளுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அப்போதுதான் படித்தேன். அவர்களுக்கு உண்மை தேவைப்படவில்லை, பொய்யும் தேவைப்படவில்லை. மனதில் ஒட்டுகிற ஒரு வசனம் போதும். அதை எழுதிக் கொடுக்க என்னைப் போல ஒரு வெறும்பயல் எங்கும் கிடைப்பான்.

அடுத்த மாசியில் கடைக்கு முன்னால் பனி தள்ளும்போது விழுந்தீர்கள், பிறகு எழும்பவில்லை. சாவீட்டுக்கு ஷபனல் ஆட்கள் வந்தார்கள். பதினோராம் மாடியில் இருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. திரேசா அக்கா வந்தா. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, நெடுநேரம் நின்றா. நான் பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதை இன்றைக்குச் சொன்னேன், அண்ணை. அவ பிள்ளையின் படிப்புக் கடனைப் பற்றி வந்த கடிதம் ஒன்றோடு மத்தியானம் வந்தா. நான் கடிதத்தை வாங்காமல், "அக்கா, அந்தக் கதை அண்ணை கட்டினதில்லை. எழுதினது நான்," என்றேன். நாலு வருஷமாய்த் தொண்டைக்குள் கிடந்தது இவ்வளவு சின்ன வசனம்.

அவ திகைக்கவில்லை. கதிரையை இழுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தா.

"தெரியும் தம்பி."

"எப்ப தெரியும்?"

"பேப்பரில வாசிச்ச அண்டைக்கே. அவர் பாவம், நாலு சொல்லைச் சேர்த்துக் கதைக்க வராத மனுசன். அப்பிடிச் சோடிச்சு எழுத எங்கட தெருவில ஆர் இருக்கினம்?"

நான் கேட்டேன், "தெரிஞ்சும் ஏன் அக்கா என்னட்டை வந்தனீங்கள்? அந்தக் கடிதத்தை... இவ்வளவு காலமும் எல்லாக் கடிதத்தையும்?"

அவவின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"வேற ஆரிட்டப் போறது?" என்றா. "எங்கட பெரியாக்களில பிரெஞ்சு தெரிஞ்சது நீங்கள் ஒராள்தானே."

உங்களிடம் அவ சுகம் கேட்டா. என்னிடம் கடிதம் தந்தா. சங்கத்தின் மீது எனக்கு இருக்கிற அருவருப்பு குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் ஆர் என்று அவவுக்குத் தெரியும். இனி அவ வரும்போதெல்லாம் எனக்கும் தெரிந்துகொண்டே இருக்கும்.

"வாசியுங்கோ தம்பி," என்று கடிதத்தை நீட்டினா. வாங்கி, முதல் வரியில் இருந்து, இருக்கிறதை இருக்கிறபடி வாசித்துச் சொல்லத் தொடங்கினேன்.